கப்பலுக்கு இருபத்தொன்பது நோய்

இருபத்தொன்பது நோய் கண்டு உடைப்புச் சாலைக்குப் போகவிருந்த ஒரு நிலாக் கப்பலை, ஸ்பேனரைத் தொடாமல், ஒரு திருகாணியைக்கூடத் திருகாமல், வலது கையில் இருந்த முறுக்கைக் கீழே வைக்காமல், நான்கே நிமிடத்தில் குணமாக்கி மேலே அனுப்பியதாகப் பெர்னதெத்தம்மாள் சொன்னபோது, முத்துமேடு ஏவுதுறையின் கேன்டீனே சிரித்தது. விசாரணைக்கு வேறு இடம் இல்லாததால் அன்று கேன்டீன்தான் விசாரணைக் கூடம். சென்னையிலிருந்து திரையில் தெரிந்த மூன்று அதிகாரிகளும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டீ ஆற்றும் இயந்திரம் ஆற்றுவதை ஒரு கணம் நிறுத்தி, அம்மாளைத் திரும்பிப் பார்த்ததாகவும் சொல்கிறார்கள்.

சிரிக்காதவர் ஒருவர்தான். தலைமைச் சோதனை அலுவலர் கோமதிநாயகம். அம்மாள் சொல்வதில் ஒரு சொல்லையும் நம்புவதற்கில்லை என்று பதினோரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தவர் அவர்.

அம்மாள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு, மீதியில் பாதியை மட்டும் நம்புவது துறைமுகத்து வழக்கம்தான். ஆனால் இந்தத் தடவை தள்ளுபடி எதுவும் தேவைப்படவில்லை. நடந்தது அப்படி.

பெர்னதெத்தம்மாள் முப்பத்துநான்கு வருஷம் இதே ஏவுதுறையில் மென்பொருள் சோதனை எழுதியவர். ஓய்வு பெற்ற நாளில் நிர்வாகம் ஒரு பொன்னாடையும் ஆயுள் முழுவதும் கேன்டீனில் இலவச டீக்கான அட்டையும் கொடுத்தது. பொன்னாடையை அம்மாள் மறந்துவிட்டார். டீ அட்டையை மறக்கவில்லை. எட்டு வருஷமாக ஒரு நாள் தவறாமல் தூத்துக்குடியிலிருந்து கம்பெனி பஸ் பிடித்து வந்து, காலையில் மூன்றும் மதியம் மூன்றுமாகக் குடித்து, நடுவில் துறைமுகத்தில் யாருக்கு என்ன கோளாறு என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் குடித்த டீயைக் கடலில் ஊற்றியிருந்தால் மன்னார் வளைகுடாவே நிறம் மாறியிருக்கும்.

அந்தக் காலத்தில் நிலாவுக்குப் போவது ஒன்றும் பெரிய சங்கதி இல்லை. இரண்டு லாரி நீளத்தில் குடும்பக் கப்பல்கள் வந்துவிட்டன. அப்பளம், வற்றல், கடலைமிட்டாய் ஏற்றிக்கொண்டு நான்கு நாளில் வெண்பள்ளம் போய் இறக்கிவிட்டு வருவார்கள். வெண்பள்ளம் நிலாவில் நம் ஆட்கள் குடியிருக்கும் ஊர். கிளம்புவதற்கு முன் புறப்பாட்டுச் சோதனை ஒன்று உண்டு. கப்பலின் மூளையாக இருக்கிற மென்பொருளைச் சோதனை மேடையில் இன்னொரு மென்பொருள் கேள்வி கேட்கும். மேடை ஒன்றே ஒன்று. ஒரு கப்பலுக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை, பத்து நிமிஷம்.

அந்த வருஷம் என்ன சாபமோ, ஒரு கப்பலும் லேசில் தேறவில்லை. பதினெட்டுக் கப்பல்களின் ஆட்கள் காத்திருப்புக் கூடத்தில் குடித்தனமே நடத்தினார்கள். ஒரு ஜோடி அங்கேயே பார்த்து, அங்கேயே நிச்சயம் செய்து, அங்கேயே சண்டை போட்டு, சமாதானமும் ஆகியிருந்தது. நிலாவில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கக் கிளம்பிய நாதஸ்வரக் குழு கூடத்திலேயே தங்கியிருக்க, நிலாவில் தாலி கட்டி மறுவீட்டு விருந்தும் முடிந்துவிட்டது. தலைப்பொங்கலுக்காவது போய்ச் சேர்ந்து வாசித்துவிட வேண்டும் என்று தவில்காரர் தினமும் காலையில் சோதனை மேடையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கூட்டத்தில்தான் கோவில்பட்டி ஆவுடையம்மாள் இருந்தார். கடலைமிட்டாய் வியாபாரி. தன் கப்பலைத் தானே ஓட்டுகிறவர். கப்பலுக்குப் பெயர் ‘செண்பகம்’. மகள் செண்பகவல்லியின் பெயர்தான். அந்த மகள் வெண்பள்ளத்தில் கீரைப் பண்ணை நடத்துகிறாள், ஏழு மாதம். கார்த்திகை இருபத்தேழில் வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதைத் தவறவிட்டால் மார்கழி. மார்கழியில் யாரும் வளையல் போடமாட்டார்கள். தை வரைக்கும் பொறுக்கலாம் என்றால், நிலாவில் பாரம் குறைவு, பிள்ளைகள் எட்டாம் மாதக் கடைசியிலேயே எட்டிப் பார்த்துவிடும் என்று அங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே தாய் கையால் மகளுக்கு வளையல் ஏற வேண்டுமென்றால் கார்த்திகை இருபத்திரண்டுக்குள் கப்பல் மண்ணைவிட்டுக் கிளம்பியாக வேண்டும்.

அன்று கார்த்திகை பதினாறு. ஆறு நாளாக ‘செண்பகம்’ மேடையேறி ஆறு நாளும் தோற்றிருந்தது.

முதல் நாள், இடப்பக்கத்து மூன்றாம் கண் சரியில்லை என்றது சோதனை. கப்பலைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் அளவில் நாற்பது கண்ணாடிக் கண்கள் உண்டு. நிலாவில் இறங்கும்போது வழி பார்ப்பது அவைதான். மெக்கானிக் இசக்கியப்பன் அந்தக் கண்ணைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுக் கண் வைத்தான். மறுநாள் மேடையேற்றினால், நான்காம் கண் சரியில்லை. அதை மாற்றினான். அடுத்த நாள் ஏழாம் கண். இப்படி ஆறு நாளில் ஆறு கண்.

மகள் திரையில் வந்து, அம்மா அலையவேண்டாம், இங்கே ஆஸ்பத்திரி ரோபோ வளையல் போட்டுவிடுமாம் என்று சொன்னாள். அந்த ரோபோவுக்கு மூன்று விரல். போன மாதம் இன்னொருத்திக்குப் போட்டுவிட்டு நாற்பத்தெட்டு வளையலையும் உடைத்திருந்தது. ஆவுடையம்மாள் சிரித்துக்கொண்டே பேசிவிட்டுத் திரையை அணைத்தார். பிறகு கேன்டீனுக்கு வந்து பெர்னதெத்தம்மாளின் எதிரில் உட்கார்ந்து, முறுக்கு டப்பாவைத் திறந்து நடுவில் வைத்தார். வளைகாப்புக்கென்று சுட்டு எடுத்துவந்த ஏழு டப்பாவில் அது முதல் டப்பா. ஆறு நாள் தோல்வியில் பாதி காலியாகியிருந்தது.

“யக்கா, அந்தச் சோதனைக்கு என் மேல என்ன கோவம்? தினம் ஒரு கோளாறா சொல்லுது. மொத்தமாச் சொல்லித் தொலைஞ்சா என்ன?”

“அதுக்குக் கோவமும் கிடையாது ஒண்ணும் கிடையாது, ஆவுடை. அதோட குணம் அது. உள்ள அறுபத்துநாலு வரி எழுதிருக்கு. நாங்க அசர்ஷன்னு சொல்லுவோம். ஒவ்வொரு வரியும், இது இப்படித்தான் இருக்கணும்னு அடிச்சுச் சொல்லும். இந்தக் கண்ணுக்கு வெளிச்சம் நூறு தெரியணும், அந்தக் கதவு மூணு நொடியில மூடணும், இப்படி. ஒரு வரி பொய்யாப் போச்சுன்னா மிசின் அந்த இடத்துலயே காலை நீட்டிப் படுத்துக்கிடும். அதுக்குக் கீழ உள்ளத ஏறிட்டும் பாக்காது.”

“பாக்காமலே தோத்துட்டேன்னு சொல்லுதா?”

“பொண்ணு பாக்க வந்தவன், வாசல்ல கோலம் கோணலா இருக்குன்னு திரும்பிப் போயிட்டான். கோலத்தத் திருத்திட்டு மறுநாள் கூப்பிட்டா, நடைப்படி உயரமா இருக்குன்னு போயிட்டான். பொண்ண அவன் எப்பம்ட்டி பாப்பான்?”

ஆவுடையம்மாளுக்கு அது உடனே விளங்கிவிட்டது. தாலுகா ஆபீஸுக்கு ஒரு தடவையாவது நடந்தவர்களுக்கு எல்லாம் அது விளங்கும். ஒரு நாளைக்கு ஒரு குறைதான் சொல்லுவார்கள்.

இதைத் திருத்த முடியுமா என்று கேட்டார். அரை டீ குடிப்பதற்குள் திருத்திவிடலாம் என்றார் பெர்னதெத்தம்மாள். ஒரு வரி தோற்றாலும் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போ, எல்லாம் முடிந்தபிறகு மொத்தமாகப் பட்டியல் கொடு என்று சொன்னால் போதும். அதைச் செய்ய அவருக்குக் கை அரித்தது. ஆனால் சாவி கோமதிநாயகத்திடம் இருந்தது.

கோமதிநாயகம் கெட்டவர் இல்லை. முதல் தப்போடு நின்றுவிட வேண்டும் என்ற விதி சும்மா வந்ததும் இல்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், எரிபொருள் அடைப்பான் கெட்டிருந்த ஒரு கப்பலில் சோதனை நிற்காமல் மேலே போய் எஞ்சினைப் பற்றவைத்துவிட்டது. மேடையின் கூரை கடலில் போய் விழுந்தது. மூன்று பேர் வீடு திரும்பவில்லை; அதில் ஒருவர் கோமதிநாயகத்துக்கு இந்த வேலையில் முதல் அதிகாரி. அன்றிலிருந்து அவர் பாக்கெட்டில் விதிப் புத்தகம் இல்லாமல் சாப்பிடக்கூட உட்காரமாட்டார்.

பெர்னதெத்தம்மாளுக்கு அந்த மூன்று பேரையும் தெரியும். ஆகவே ஆவுடையம்மாளையும் கூட்டிக்கொண்டு கோமதிநாயகத்தின் அறைக்குப் போனவர், விளையாட்டைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் பேசினார். அறுபத்துநான்கு வரியும் ஒரே ஜாதி இல்லை என்றார். ஐம்பத்துமூன்று வரிகள் வெறுமனே பார்ப்பவை; கண் தெரிகிறதா, காற்று இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், யாருக்கும் கெடுதல் இல்லை. பதினோரு வரிகள்தான் கை வைப்பவை. பற்றவைக்கும், கதவை மூடும், உந்தித் தள்ளும். பார்க்கிற வரிகளை எல்லாம் நிற்காமல் பார்த்துப் பட்டியல் போடட்டும். அந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்று இருந்தாலும் கை வைக்கிற வரிகளின் பக்கம் போகவே வேண்டாம். அவை எப்போதும்போல முதல் தப்பிலேயே நிற்கட்டும்.

கோமதிநாயகம் வெகுநேரம் புத்தகத்தைப் புரட்டினார்.

“முதல் வரியே ஃபெயிலானா, கப்பல் ஃபெயில்னுதாம்மா விதி.”

“ஃபெயிலுன்னே எழுதுங்க தம்பி, நான் பாஸாக்கச் சொல்லலையே. எந்தெந்தப் பாடத்துல போச்சுன்னு மார்க் ஷீட்டக் குடுங்கன்னுதான் கேக்குதேன்.”

மார்க் ஷீட்டுக்கு எதிராகப் புத்தகத்தில் விதி எதுவும் இல்லை. ஆனால் வேறு ஒன்று இருந்தது. அதை அவர் ஆவுடையம்மாளைப் பார்த்து, மெதுவாக, வாசித்துக் காட்டினார். ஒரே சோதனையில் பத்துக்கு மேற்பட்ட கோளாறு பதிவானால் அந்தக் கப்பல் பறக்கத் தகுதியற்றது. அன்று மாலை ஐந்து மணி அறிக்கையோடு அது கப்பல்களைத் துண்டு போடுகிற உடைப்புச் சாலைக்கு எழுதப்பட்டுவிடும். இதுவரை எந்தக் கப்பலுக்கும் அந்த விதி பாயவில்லை. முதல் தப்போடு சோதனை நின்றுவிடுவதால், எந்தக் கப்பலின் பேரிலும் ஒரே சோதனையில் ஒன்றுக்கு மேல் கோளாறு பதிவானதே இல்லை.

அதாவது, தெரியாமல் இருந்தவரைக்கும் கப்பல் பிழைத்தது. தெரிந்துகொள்ளப் போனால் கப்பலே போய்விடலாம். ‘செண்பகம்’ போனால் ஆவுடையம்மாளுக்குப் பிழைப்பும் போகும், வளைகாப்பும் போகும். இப்படியே நாளைக்கு ஒரு கண்ணாக மாற்றிக்கொண்டு, எஞ்சியிருக்கிற ஆறு நாளில் அதிர்ஷ்டம் அடிக்கிறதா என்று பார்ப்பது புத்திசாலித்தனம் என்று கோமதிநாயகம் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

பெர்னதெத்தம்மாள் வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருந்தார். கப்பல் தன்னுடையது இல்லையே.

ஆவுடையம்மாள் ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொட்டகையில் நின்ற கப்பலைப் பார்த்தார். “எத்தனை கோளாறுன்னு தெரியாம இருந்துட்டா, கோளாறு இல்லாமப் போயிருமா சார்? என் மக வயித்துப் பிள்ளையோட இதுலதான் இறங்கி ஊருக்கு வரப் போறா. ஓட்டச் சொல்லுங்க.”

கோமதிநாயகம் சாவியைக் கொடுக்க, பெர்னதெத்தம்மாள் உட்கார்ந்து எழுதினார். எட்டு வருஷத் துரு விரலில் தெரியவே இல்லை என்றும், விசைப்பலகையிலிருந்து லேசாகப் புகை வந்தது என்றும் பார்த்தவர்கள் சொல்வார்கள். கூடவே இன்னொன்றும் செய்தார். பழைய சோதனை, தவறு என்று மட்டும் சொல்லும். இப்போது ஒவ்வொரு வரியும் தோற்றால், எந்த இடத்தில், என்ன இருந்திருக்க வேண்டும், என்ன இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லும்படி செய்துவைத்தார்.

மதியம் இரண்டு இருபதுக்கு ‘செண்பகம்’ மேடையேறியது. பட்டியல் வர ஆரம்பித்தது. ஐந்து, எட்டு, பத்து. பதினொன்று வந்ததும் கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். பட்டியல் நின்றபாடில்லை, திருச்செந்தூர் பாசஞ்சர் போல ஒவ்வொரு ஸ்டேஷனாக வந்துகொண்டே இருந்தது. கடைசியில் நின்றபோது எண் இருபத்தொன்பது.

கூடத்தில் தவில்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோமதிநாயகம் இழுப்பறையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்தார். அதை ஒட்டக் கை வராமல் மேசை மேல் வைத்தார். அறிக்கை போக ஐந்து மணி வரைக்கும் நேரம் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

பெர்னதெத்தம்மாள் பட்டியலை மூன்று தடவை படித்தார். இருபத்தொன்பதும் கண்கள். கதவில், காற்றில், எரிபொருளில் ஒரு குறையும் இல்லை. இருபத்தொன்பது கண்ணிலும் ஒரே குறை: நீல வெளிச்சம் நூறு தெரிய வேண்டும், எழுபத்திரண்டு தெரிகிறது. ஒன்றில் எழுபது, ஒன்றில் எழுபத்துநான்கு.

“ஏட்டி, ஒரு வீட்டுல இருபத்தொன்பது பேருக்கும் ஒரே நாள்ல ஒரே காய்ச்சல் வந்தா, அது இருபத்தொன்பது நோயா? ஒரு நோய்” என்றார். பிறகு ஒரு கையில் பட்டியலும், இன்னொரு கையில் டப்பாவிலிருந்து எடுத்த முறுக்குமாக மேடைக்கு நடந்தார். அவர் இடத்தைப் படிக்கப் படிக்க, இசக்கியப்பன் கெட்ட கண் ஒவ்வொன்றின் பக்கத்திலும் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டான்.

போட்டு முடித்துவிட்டு நான்கு எட்டு பின்னால் வந்து பார்த்தபோது எல்லோருக்கும் தெரிந்தது. தரையிலிருந்து ஆறடி உயரம் வரைக்கும் கப்பலைச் சுற்றி எல்லாக் கண்ணும் கெட்டுப்போயிருந்தன. அதற்குள் நன்றாக இருந்தவை ஆறே ஆறு. ஆறும் இசக்கியப்பன் இந்த வாரம் மாற்றியவை. ஆறடிக்கு மேலே ஐந்து கண்கள். ஐந்தும் பழசு, ஐந்தும் பளிங்கு மாதிரி தெரிந்தன. ஒருநாளைக்கு ஒரு கண்ணாகப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு மாதம் ஆனாலும் இந்தக் கோடு யார் கண்ணிலும் பட்டிருக்காது.

ஆறடியோடு நின்றுபோகிற நோய் எது? காற்றுக்கும் உப்புக்கும் உயரம் தெரியாது. அம்மாள் கப்பலை நெருங்கி, ஒரு கண்ணுக்கு நேராகத் தன் கண்ணை வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி என்பதை மறந்து, முறுக்கு பிடித்திருந்த கையின் கட்டைவிரலால் அதை ஒரு தேய் தேய்த்தார்.

கோமதிநாயகம் பாக்கெட்டிலிருந்து விதிப் புத்தகத்தை உருவினார். கப்பலின் கண்ணை யாரும் கையால் தொடக்கூடாது. கெட்டால் கழற்றி மாற்ற வேண்டும். அது புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருக்கிற விதி. ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் இசக்கியப்பன் தன் கையில் இருந்த அளவுமானியைப் பார்த்து, “யம்மா, எழுபத்திரண்டு எண்பத்தஞ்சு ஆயிட்டு” என்றான்.

பெர்னதெத்தம்மாள் கட்டைவிரலைப் பார்த்தார். முறுக்கின் எண்ணெய்ப் பிசுக்கில் லேசாக மஞ்சள் ஏறியிருந்தது. ஆவுடையம்மாள் அந்த விரலை இழுத்து முகர்ந்தார். சந்தனம். மஞ்சள் கலந்து குழைத்த சந்தனம்.

அதற்குமேல் ஆவுடையம்மாளுக்கு யாரும் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஆயுத பூஜை நாளில் யாரோ புண்ணியவான் கப்பலுக்குப் பொட்டு வைத்திருக்கிறார். வட்டமாகக் கண்ணாடி இருந்தால் நம் ஆட்களுக்கு அது நெற்றியாகத்தானே தெரியும். கை எட்டிய மட்டும் ஒவ்வொன்றிலும் வைத்திருக்கிறார். சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. கொட்டகை நிழலில் நின்ற கப்பல், வெயில் படவில்லை, மஞ்சள் மட்டும் கண்ணாடி மேல், மனுஷக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடாகத் தங்கிவிட்டது. மஞ்சளுக்கு நீல வெளிச்சம் ஆகாது, உள்ளே விடாது.

“மஞ்சக் கறைக்குத் தண்ணி உதவாதுக்கா, எண்ணெய்தான்” என்று சொல்லிவிட்டு ஆவுடையம்மாள் மகளுக்கென்று ஆட்டி எடுத்துவந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் திறந்தார். மூன்று பேரும் மூன்று பக்கம் பாய்ந்தார்கள். பஞ்சால் எண்ணெய், துணியால் துடைப்பு. இருபத்தொன்பது கண்களையும் முடிக்க நான்கு நிமிடம். பெர்னதெத்தம்மாள் தன் பங்கை இடது கையால் செய்தார் என்பதும், வலது கையில் முறுக்கு இருந்தது என்பதும் உண்மைதான். அதற்குப் பதினேழு கப்பல்களின் ஆட்கள் சாட்சி.

இசக்கியப்பனைத்தான் எல்லோரும் முறைத்தார்கள். ஆனால் அவன் ஆறடி இரண்டு அங்குலம், கை எட்டடிக்குப் போகும்; அவன் வைத்திருந்தால் கோடு அங்கே நின்றிருக்கும். பூஜையன்று அவன் சங்கரன்கோவிலில் இருந்தான். பெர்னதெத்தம்மாள் சாக்கட்டிக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. முறுக்கைக் கடித்து அதை விழுங்கிவிட்டார்.

அன்றைய முறை தீர்ந்துவிட்டதால் மறுபடி மேடையேற வழியில்லாமல் இருந்தது. நாதஸ்வரக் குழுவினர் தங்களுடைய நான்கு பத்து முறையை விட்டுக்கொடுத்தார்கள். பார்க்கிற வரிகள் ஐம்பத்துமூன்றும் ஒரே மூச்சில் தேறின. கை வைக்கிற வரிகள் பதினொன்றும், ஒன்றன்பின் ஒன்றாக, தப்பு வந்தால் நின்றுவிடத் தயாராக, நிற்க வேண்டிய அவசியமே இல்லாமல் தேறின. கோமதிநாயகம் தேர்ச்சிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை ‘செண்பகம்’ கிளம்பியது.

கார்த்திகை இருபத்தேழில் வெண்பள்ளத்தில் வளைகாப்பு. அங்கே பாரம் குறைவானதால் செண்பகவல்லி கையைத் தூக்கும்போதெல்லாம் வளையல்கள் முழங்கைக்கு மிதந்து போய் மெதுவாகத் திரும்பி வந்தன. ஆவுடையம்மாள் அதையே பார்த்துக்கொண்டு அழுததாகவும், கண்ணீர்த் துளி தரைக்கு வந்து சேர அரை மணி நேரம் ஆனதாகவும் கேள்வி.

ஆனால் முத்துமேட்டில் கதை முடியவில்லை. கையெழுத்துப் போட்ட அதே மாலை கோமதிநாயகம் அந்தப் பதினோரு பக்கத்தை எழுதினார். கண்கள் நான்கு நிமிடத்தில் குணமாவதில்லை. ஆகவே கண்கள் கெட்டிருக்கவே இல்லை. ஆகவே இருபத்தொன்பது என்ற பட்டியல், ஓய்வு பெற்ற அம்மாள் மாற்றி எழுதிய சோதனையின் பிழை. விசாரணை முடியும்வரை புது முறையைப் பூட்டிவைக்க வேண்டும். தலைமையகம் பூட்டிவிட்டது. கப்பல்களுக்குப் பக்கத்தில் காவல் போட்டது. எண்ணெய் பாட்டிலோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியது. பெர்னதெத்தம்மாளின் டீ அட்டையும் முடக்கப்பட்டது. பதினேழு கப்பல்களும் பழையபடி நாளைக்கு ஒரு கண்ணாகத் தோற்றுக்கொண்டிருந்தன. விசாரணையில் அம்மாளின் சோதனை தப்பென்று முடிவானால், அந்தப் பதினேழு குடும்பங்களுக்கும் பொங்கல் காத்திருப்புக் கூடத்தில்தான்.

கேன்டீனில் சிரிப்பு அடங்கியதும், திரையிலிருந்த குழுத் தலைவி, அந்தப் பொட்டை வைத்தது யார் என்று பெர்னதெத்தம்மாளைக் கேட்டார். யாரென்று சொல்லத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார் அம்மாள். நின்ற இடத்திலிருந்து ஆறடி உயரத்துக்குக் கை எட்டுகிற ஒருவர், பக்தியுள்ளவர், செய்தால் ஒன்றையும் விடாமல் செய்கிறவர். அவ்வளவுதான் தெரியும். சொல்லும்போது அவர் யார் பக்கமும் திரும்பவில்லை. காலி டீத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவி கோமதிநாயகத்தை அழைத்தார். அவர் எழுந்தார். எழுந்து நின்றாலும் உட்கார்ந்திருப்பது போலவே தெரிகிற உயரம் அவருக்கு. பதினோரு பக்கங்களும் கையில் இருந்தன. சென்னையில் இருந்தவர்கள் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அவர் வாசிப்பார், முத்திரை குத்திவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகலாம் என்று. கூடத்தின் வாசலில் பதினேழு கப்பல்களின் ஆட்களும் நின்றிருந்தார்கள்.

அவர் வாசிக்கவில்லை. தாள்களை மடித்தார், இன்னொரு தடவை மடித்தார்.

தலைவி பொறுமையிழந்து, அம்மையார் சொல்வது நடந்ததா இல்லையா, ஒரு வார்த்தையில் சொல்லுங்கள் என்றார்.

“நடந்தது” என்றார் கோமதிநாயகம். அலுவலகத் தமிழ் அத்தோடு கழன்றுவிட்டது. “இருபத்தொன்பதும் நெசம். சாக்கட்டிக் கோட்டப் பாத்த அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. பூசைக்கு என்னையத்தான் சீஃப் கெஸ்டா கூப்பிட்டாங்க. கிண்ணத்தக் கையில குடுத்தாங்க. ஒரு கப்பலுக்கு வச்சிட்டு ஒரு கப்பல விட்டா மனசு கேக்குமா? பதினெட்டுக்கும் வச்சேன். கண்ணத் தொடக்கூடாதுன்னு புத்தகத்துல எழுதுன கமிட்டியிலயும் நான் இருந்தேன். அன்னைக்கு எனக்கு அது கண்ணாத் தெரியல.” அவர் மடித்த தாள்களைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். “என்ன தண்டனையோ எழுதி அனுப்புங்க மேடம், வாங்கிக்கிடுதேன். அதுக்கு முன்னால அந்தம்மா சோதனையப் பூட்டு தொறந்து விட்ருங்க. பதினேழு கப்பல் நிக்குது. நான் போய்த் துடைக்கணும்.”